தரவுத்தளமும் ஃபயர்வாலும்: சுங்குவார்சத்திரம் சேவை மையத்தில் ஒரு பாடம்

சுங்குவார்சத்திரத்தில் காலை ஷிஃப்ட் பஸ்கள் போன பிறகு, சேவை மையங்களுக்கு ஒரு கூட்டம் வரும். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு, அறைக்குப் போய்த் தூங்கும் முன் ஒரு வேலையை முடித்துவிடலாம் என்று வருபவர்கள் இவர்கள். ஒருவருக்கு வருமானச் சான்று, ஒருவருக்கு ஆதாரில் முகவரி மாற்றம், இன்னொருவருக்கு பிஎஃப் கணக்கில் பெயர்த் திருத்தம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரகடம், வல்லம் பக்கம் வேலை பார்ப்பவர்களும் இதில் உண்டு. இவர்களுக்கு ஒரு மணி நேரம் தாமதம் என்றால் ஒரு மணி நேரத் தூக்கம் போச்சு.

ஒரு திங்கட்கிழமை காலை, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தனியார் மையத்திலிருந்து எனக்குப் போன். "சார், டோக்கன் சாஃப்ட்வேர் ஓப்பனே ஆகல. ஜனங்ககிட்ட சர்வர் டவுன்னு சொல்லிட்டேன். முப்பது பேர் நிக்கிறாங்க, கொஞ்சம் சீக்கிரம் வாங்க சார்."

சர்வர் டவுன் என்பது எல்லா மையங்களிலும் கேட்கும் சொல். பெரும்பாலும் அது தவறான சொல். அன்றைக்கும் அப்படித்தான். அந்த சர்வர் பின்னறையில், ஃபேன் சத்தத்தோடு, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்த இரண்டு கணினிகளால் அதை எட்ட முடியவில்லை, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மையத்தில் அமர்ந்து அரசு இணையதளத்தில் ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பம் போடும்போது, உங்கள் கணினி எந்தத் தரவுத்தளத்தோடும் நேரடியாகப் பேசுவதில்லை. உங்கள் பிரவுசர் 443 என்ற போர்ட் வழியாக ஒரு வெப் சர்வரோடு பேசுகிறது. அந்த வெப் சர்வர்தான் உள்ளே இருக்கும் தரவுத்தளத்திடம் கேட்டு, பதிலை வாங்கி உங்களுக்குத் தருகிறது. பெருங்குடியில் எல்காட் வளாகத்தில் உள்ள மாநிலத் தரவு மையம் போன்ற இடங்களுக்கெல்லாம் பொதுவான விதி இது: வெப் சர்வர் முன்னால், தரவுத்தளம் பின்னால், நடுவில் ஃபயர்வால். அங்கே கோளாறு என்றால் நம் மையத்தில் எதைத் திருகினாலும் சரியாகாது. உதவி எண்ணை அழைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் மையத்துக்குள்ளேயே டோக்கன், ரசீது, விண்ணப்பப் பதிவு என்று ஒரு சாஃப்ட்வேர் வைத்திருப்பீர்கள். அதன் தரவுத்தளம் உங்கள் அறையிலேயே ஒரு கணினியில் இருக்கும். அதற்கான கதவுகளுக்கு நீங்கள்தான் பொறுப்பு. இந்தப் பாடம் அதைப் பற்றியது.

ஃபயர்வாலைத் தமிழில் தீயரண் என்று எழுதுகிறோம். மையங்களில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, எனவே ஃபயர்வால் என்றே வைத்துக்கொள்கிறேன். இந்தப் பகுதிக்காரர்களுக்கு அதை விளக்குவது சுலபம். ஒரு கம்பெனிக்குப் போகிறீர்கள். கம்பெனி முகவரி தெரிந்தால் மட்டும் போதாது. ஆட்கள் நுழைய ஒரு கேட், லாரி நுழைய ஒரு கேட், கேன்டீன் சரக்குக்கு ஒரு கேட் என்று இருக்கும். முகவரிதான் ஐபி முகவரி. கேட் எண்தான் போர்ட். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன்தான் ஃபயர்வால். அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது: எந்த கேட்டில், எங்கிருந்து வருபவரை விடலாம் என்று. பட்டியலில் இல்லாதவரை விடமாட்டார். உள்ளிருந்து வெளியே போனவர் திரும்பி வந்தால் மட்டும், ரெஜிஸ்டரில் பார்த்துவிட்டுக் கேள்வி இல்லாமல் விடுவார். விண்டோஸ் ஃபயர்வாலின் இயல்பான நடத்தையும் இதுவே. வெளியே போவதை விடும்; வெளியிலிருந்து வருவதை, விதி இருந்தால் மட்டுமே விடும். ஆகவே விதி எழுத வேண்டியது தரவுத்தளம் இருக்கும் கணினியில். கவுன்ட்டர் கணினிகளில் பொதுவாக எதுவும் செய்யத் தேவையில்லை. பலர் கவுன்ட்டரில் போய் விதி எழுதிவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பார்கள்.

ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் வழக்கமான கேட் எண் ஒன்று உண்டு. மைஎஸ்க்யூஎல் என்றால் 3306, போஸ்ட்கிரெஸ் என்றால் 5432, மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் 1433, ஆரக்கிள் 1521, மாங்கோடிபி 27017. உங்கள் சாஃப்ட்வேர் எதைப் பயன்படுத்துகிறது என்று தெரியாவிட்டால், அதைப் போட்டுத் தந்தவரிடம் இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு வரும் நாளில் அவர் போனை எடுக்கமாட்டார்.

நான் போய்ச் சேர்வதற்குள் நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் மொபைல் சர்வீஸ் பார்க்கும் தம்பி வந்து, "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிட்டா சரியாயிடும்க்கா" என்று சொல்லி, முழுவதையும் அணைத்துவிட்டிருந்தார். சரியாகவும் ஆகிவிட்டது. நான் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதைத் திரும்ப ஆன் செய்தேன். டோக்கன் மறுபடி நின்றது. ஆபரேட்டர் முகத்தில் வந்த கோபம் நியாயமானதுதான். "ஓடிட்டுதானே சார் இருந்துச்சு!" என்றார். பதினைந்து நிமிடம் கேட்டேன். வரிசையில் நின்றவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

ஃபயர்வாலை அணைத்ததும் சரியாகிறது என்றால், கோளாறு எங்கே என்பது தெரிந்துவிட்டது என்று பொருள். அந்த அளவுக்கு அந்தத் தம்பி செய்தது நல்ல சோதனை. சோதனையை அப்படியே தீர்வாக விட்டதுதான் தப்பு.

இப்போது முக்கியமான பகுதி. இணைப்பு கிடைக்காதபோது திரையில் வரும் செய்தியை யாரும் படிப்பதில்லை; ஓகே அழுத்திவிட்டு மறுபடி முயல்வார்கள். அந்தச் செய்தியில்தான் விடை இருக்கிறது. மூன்று வகை வரும்.

'டைம்ட் அவுட்' என்று, சில விநாடிகள் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் வந்தால், நாம் தட்டியதற்கு யாரும் பதிலே சொல்லவில்லை. வழியில் ஃபயர்வால் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டிருக்கலாம், ஐபி முகவரி மாறியிருக்கலாம், அந்தக் கணினியே அணைந்திருக்கலாம். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனடியாக வந்தால், நாம் அந்தக் கணினி வரை போய்விட்டோம். அங்கே அந்த கேட்டில் ஆள் இல்லை. தரவுத்தளச் சேவை ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது, அல்லது தன் கணினிக்குள்ளிருந்து வருவதை மட்டும் கேட்கும்படி அமைத்திருக்கிறார்கள். 'ஆக்சஸ் டினைடு' என்றோ, உங்கள் முகவரிக்கு அனுமதி இல்லை என்று தரவுத்தளத்தின் பெயரோடோ வந்தால், ஃபயர்வாலைத் தொடவே வேண்டாம். கேட்டைத் தாண்டி ரிசப்ஷன் வரை போய்விட்டீர்கள். பயனர் பெயர், கடவுச்சொல், அனுமதிப் பட்டியல் இவற்றில் ஒன்றுதான் பிரச்சினை.

இதில் ஒரு சிக்கல். விண்டோஸ் ஃபயர்வால் ஆனில் இருக்கும்போது, ஆள் இல்லாத கேட்டைத் தட்டினாலும் 'ரெஃப்யூஸ்டு' என்று பதில் தராது, மௌனமாக இருந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியாட்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. எனவே பின்னறையில் விண்டோஸ் கணினி என்றால், 'டைம்ட் அவுட்' வந்ததும் ஃபயர்வால்தான் என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் அந்தக் கணினியிலேயே உட்கார்ந்து, 'நெட்ஸ்டாட்' கட்டளையில் 3306 'லிசனிங்' என்று வருகிறதா என்று பாருங்கள். அதற்கு இடப்பக்கம் 127.0.0.1 என்று இருந்தால் தன் வீட்டுக்குள் மட்டுமே கேட்கிறது, 0.0.0.0 என்று இருந்தால் எல்லாத் திசையிலும் கேட்கிறது, 192.168.1.10 போல இருந்தால் அந்த ஒரு முகவரியில் கேட்கிறது. உபுண்டுவில் நிறுவிய மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸும் ஆரம்பத்தில் தன் கணினிக்குள் மட்டுமே கேட்கும். முன்னதில் 'பைண்ட் அட்ரஸ்', பின்னதில் 'லிசன் அட்ரஸஸ்' என்ற வரியை மாற்றி, சேவையை மறுபடி தொடங்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் கூடுதலாக, எந்த முகவரியிலிருந்து எந்தப் பயனர் வரலாம் என்ற பட்டியல் தனிக் கோப்பில் இருக்கும். அதிலும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

பிங் செய்து பார்த்து முடிவெடுப்பவர்கள் நிறையப் பேர். பிங்குக்குப் பதில் வந்தால் கணினி உயிரோடு இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். போர்ட் திறந்திருப்பது தெரியாது. பதில் வராவிட்டாலும் கவலை வேண்டாம், ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுத்திருக்கலாம். கவுன்ட்டர் கணினியில் பவர்ஷெல் திறந்து, 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' கட்டளையில் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்துப் பாருங்கள். கடைசி வரியில் 'ட்ரூ' அல்லது 'ஃபால்ஸ்'. அதுதான் நம்பக்கூடிய பதில்.

அன்றைய கதைக்கு வருகிறேன். 'நெட்ஸ்டாட்' சரியாக இருந்தது. கவுன்ட்டரிலிருந்து 'ஃபால்ஸ்'. ஃபயர்வால் விதியைத் திறந்து பார்த்தால் அதுவும் இருந்தது: 3306, அனுமதி. பிறகு ஏன்?

"வாரக் கடைசியில ஏதாவது மாத்தினீங்களா?"

"இல்லையே சார்... ஆங், சனிக்கிழமை புது ரவுட்டர் வச்சாங்க. ஸ்பீடு வரலைன்னு."

அதுதான். விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் 'பிரைவேட்', 'பப்ளிக்' என்று இரண்டாகப் பார்க்கிறது. வீட்டு, அலுவலக நெட்வொர்க் பிரைவேட். ரயில் நிலைய வைஃபை போன்றது பப்ளிக். ரவுட்டர் மாறியதும் பின்னறைக் கணினிக்கு அது அறிமுகமில்லாத நெட்வொர்க்; பப்ளிக் என்று எடுத்துக்கொண்டது. விதியோ பிரைவேட்டுக்கு மட்டும் எழுதப்பட்டிருந்தது. விதி எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். நெட்வொர்க் அமைப்பில் போய் பிரைவேட் என்று மாற்றியதும் 'ட்ரூ' வந்தது. இரண்டு நிமிட வேலை. விதியில் பப்ளிக்கையும் டிக் செய்துவிட்டால் சரியாகியிருக்கும் என்று சிலர் சொல்வார்கள், வேண்டாம்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் விதியின் 'ஸ்கோப்' பகுதியில் வெளி முகவரி 'எனி' என்று இருந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அர்த்தம். ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தேன். 3306 வெளி இணையத்துக்கே திறந்துவிடப்பட்டிருந்தது. மைய உரிமையாளர் ஸ்ரீபெரும்புதூரில் வீட்டிலிருந்தபடி அன்றைய வசூலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பழைய ரவுட்டரிலேயே அப்படித்தான் இருந்ததாம். புது ரவுட்டர் வைத்தவர் அதையே திரும்பச் செய்து கொடுத்திருக்கிறார். மைஎஸ்க்யூஎல்லில் தோற்றுப்போன இணைப்பு முயற்சிகளை எண்ணும் கணக்கு ஒன்று உண்டு. இரண்டு கவுன்ட்டர் உள்ள இடத்தில் அது பத்து, இருபது இருக்கலாம். அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தது. யாரோ, பெரும்பாலும் மனிதரே இல்லாத ஏதோ நிரல், இரவு பகலாகக் கடவுச்சொல்லை முயன்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. கடவுச்சொல், கடையின் பெயரோடு 123.

அந்தத் தரவுத்தளத்தில் இரண்டு வருடமாக வந்தவர்களின் பெயர், மொபைல் எண், முழு ஆதார் எண் எல்லாம் இருந்தன. வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருடையதும் அதில் இருந்திருக்கும்.

இப்படித் திறந்துவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் பார்த்த உதாரணங்கள் உண்டு. 2003 ஜனவரி 25, சனிக்கிழமை, நம் நேரப்படி காலை 11 மணி வாக்கில் 'ஸ்லாமர்' என்ற புழு நிரல் கிளம்பியது. அளவு வெறும் 376 பைட். எஸ்க்யூஎல் சர்வரில் 1434 என்ற யுடிபி போர்ட்டில் ஒரு விசாரணைச் சேவை உண்டு. எந்தத் தரவுத்தளம் எந்த கேட்டில் இருக்கிறது என்று கேட்டால் சொல்லும். அதிலிருந்த ஓட்டை வழியாக நுழைந்தது. ஆரம்பத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, பத்து நிமிடத்துக்குள் பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் 90 சதவீதத்தைப் பிடித்துவிட்டது. சுமார் 75,000 கணினிகள். அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கியின் ஏடிஎம்கள் பணம் தர மறுத்தன. தென்கொரியாவில் இணையமே முடங்கியது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையில் வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்கள்கூட, 1434-ஐ வெளியே திறந்து வைக்காமலிருந்தால் அந்தப் பத்து நிமிடத்தில் தப்பித்திருப்பார்கள். 2017 தொடக்கத்தில் மாங்கோடிபிக்கு நடந்தது இன்னும் எளிய திருட்டு. கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த பல்லாயிரம் தரவுத்தளங்களை அழித்துவிட்டு, பணம் கேட்டுச் சீட்டு எழுதி வைத்தார்கள். பணம் கொடுத்தவர்களில் பலருக்கும் தரவு திரும்பவில்லை.

ஸ்லாமர் பேச்சு வந்ததால் ஒன்று. பல பில்லிங் சாஃப்ட்வேர்கள் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் ஓடுகின்றன. அதில் டிசிபி இணைப்பு ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும். போர்ட்டும் நிலையாக இருக்காது, சேவை மறுபடி தொடங்கும்போது மாறக்கூடும். நேற்று வேலை செய்த ஃபயர்வால் விதி இன்று செய்யாமல் போவதற்கு இது ஒரு காரணம். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் 'டைனமிக் போர்ட்' கட்டத்தைக் காலியாக்கிவிட்டு 1433 என்று நிலையாக எழுதுங்கள். சாஃப்ட்வேரிலும் போர்ட் எண்ணோடு முகவரி கொடுங்கள். 1434 விசாரணை கவுன்ட்டர் அப்போது தேவையே இல்லை.

அன்று நான் செய்த மாற்றங்கள் இவை. ரவுட்டரில் வெளிக் கதவை மூடினேன். மூன்று கணினிகளுக்கும் ரவுட்டரில் ஐபி முகவரியை நிலையாக ஒதுக்கினேன்: பின்னறைக்கு 192.168.1.10, கவுன்ட்டர்களுக்கு 21, 22. இதைச் செய்யாமல் அடுத்த படி பயன்படாது. முகவரி மாறினால் விதியும் பொய்யாகிவிடும். பிறகு 'இன்பவுண்ட் ரூல்ஸ்' பகுதியில் பழைய விதியின் ஸ்கோப்பில் 'எனி'யை எடுத்துவிட்டு, 192.168.1.21, 192.168.1.22 என்ற இரண்டை மட்டும் எழுதினேன். மைஎஸ்க்யூஎல்லிலும் எங்கிருந்தும் வரலாம் என்றிருந்த பயனரை நீக்கி, அந்த இரண்டு முகவரிகளுக்கு மட்டும் புதிய கடவுச்சொல்லோடு பயனர் உருவாக்கினோம். முதல் பூட்டு தவறினாலும் இரண்டாவது இருக்கும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் 'யூஎஃப்டபிள்யூ'வில் இதையே ஒரு வரியில் செய்யலாம். ஒரு எச்சரிக்கை: தரவுத்தளத்தை டாக்கரில் ஓட்டினால், அது வெளியிடும் போர்ட் 'யூஎஃப்டபிள்யூ' விதிகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மூடிவிட்டோம் என்று நினைத்துத் திறந்து வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு கிளைகளை இணைத்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை வரும். காலையில் ஓடும் சாஃப்ட்வேர், மதியம் சாப்பிட்டு வந்து தொட்டதும் உறைந்து நிற்கும். நடுவிலுள்ள ஃபயர்வால் பேச்சில்லாத இணைப்பைச் சிறிது நேரத்தில் ரெஜிஸ்டரிலிருந்து அடித்துவிடும். இரண்டு முனைகளுக்கும் அது தெரியாது. லினக்ஸ் இயல்பாக இரண்டு மணி நேரம் கழித்துத்தான் 'இருக்கியா?' என்று மறுமுனையைக் கேட்கும். அமேசான் கிளவுடின் ஒரு வகை லோடு பேலன்சர் இயல்பாக 350 விநாடியிலேயே மறந்துவிடும். 'கீப் அலைவ்' நேரத்தைச் சில நிமிடங்களாகக் குறைத்தால் போதும்.

உரிமையாளருக்குப் போன் செய்து சொன்னேன். முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. "அப்போ நான் எப்படிங்க கணக்கு பார்க்கிறது?" விபிஎன் போடலாம்; கணினியில் ஒரு பாதை, சாவி இருப்பவருக்கு மட்டும். ஆனால் நம் ஊரில் பல இணைப்புகளுக்குத் தனிப் பொது ஐபி கிடைப்பதில்லை, அதற்கு நிறுவனத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். கடைசியில் அவருக்குத் தேவை ஒரு தொகையும் ஒரு எண்ணிக்கையும்தான் என்று தெரிந்தது. தினமும் இரவு 8 மணிக்கு அந்த இரண்டும் மின்னஞ்சலில் போகும்படி செய்துவிட்டோம். முழு ஆதார் எண் இருந்த பத்தியையும் பேசித் தீர்த்தோம். இப்போது கடைசி 4 இலக்கம் மட்டுமே பதிவாகிறது.

தரவு வெளியே போயிருக்குமா என்று ஆபரேட்டர் கேட்டார். தோற்ற முயற்சிகளின் கணக்கு இருந்தது. ஜெயித்த முயற்சிகளின் பதிவு யாரும் வைக்கவில்லை. இந்தப் பதிவுகளைப் பற்றி விதியே உண்டு. செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, இத்தகைய ஊடுருவல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைக் காக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். பணம் பறிபோனதாக மக்கள் யாராவது வந்து சொன்னால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிமிடமும் அதில் கணக்கு.

பதினைந்து நிமிடம் கேட்டது முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. கிளம்பும் முன் ஒரு அட்டையில் எழுதி, பின்னறைக் கணினியின் பக்கவாட்டில் ஒட்டினோம்: தரவுத்தளத்தின் பெயர், ஐபி, போர்ட், எந்த இரண்டு கணினிகளுக்கு அனுமதி, விதியின் பெயர், எழுதிய தேதி. கீழே ஆபரேட்டர் தானாகவே சிவப்புப் பேனாவில் ஒரு வரி சேர்த்தார்: "ரவுட்டர் மாத்தினா பிரைவேட்னு பார்க்கவும்." பிறகு கதவருகே போய், டீக்கடைப் பக்கம் பார்த்து, "டோக்கன் பதினேழு, வாங்கண்ணா" என்று கூப்பிட்டார்.